மருந்துக்கு அரசு பணம் கொடுக்கும் முன்



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும்போது நமக்கு வரும் சங்கடம் அரசுகளுக்கும் உண்டு. ஒருவருடைய புற்றுநோய் ஊசிக்குப் பல லட்சம் கொடுப்பதா, அதே தொகையில் பலருக்கு டயாலிசிஸ் செய்ய உதவுவதா? நாட்டளவில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறைக்குச் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு என்று பெயர். இங்கிலாந்தில் 1999 முதல் 'நைஸ்' என்ற அமைப்பு இதைச் செய்கிறது. நம் நாட்டில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பு 2017இல் தொடங்கப்பட்டது.

மருந்துக் கம்பெனிகள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் சோதனை ஆய்வுகள்தான். அவற்றில் ஆட்களைப் பொறுக்கியே சேர்ப்பார்கள். தள்ளாத வயதினர், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். வேளை தவறாமல் மருந்து, அடிக்கடி பரிசோதனை என்று கண்காணிப்பும் அதிகம். நம் வீடுகளில் அப்படியா நடக்கிறது? அதனால்தான் ஆஸ்பத்திரிப் பதிவுகள், நோய்ப் பதிவேடுகள், காப்பீட்டுக் கணக்குகள் ஆகிய நடைமுறைத் தரவுகளையும் இப்போது பார்க்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சர்க்கரை நோய். 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் 'எபிடியார்' என்ற ஆய்வு நடந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் சுமார் 79 சதவீதம் பேர் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட ரமளானில் தெளிவாகக் கூடியிருந்தது. நோயாளிகள் நினைவிலிருந்து சொன்னவை என்பதால் இதற்கும் குறை உண்டு. ஆனாலும், சர்க்கரையை அதிகம் தாழ்த்தாத விலை கூடிய மாத்திரை அந்த விலைக்குத் தகுமா என்று கணக்கிடும்போது, நோன்பு மாதத்தைக் கணக்கில் எடுப்பதும் விடுவதும் ஒன்றல்ல.

இங்கிலாந்தின் புற்றுநோய் மருந்து நிதி 2016 முதல் இதை ஒழுங்காகச் செய்கிறது. நம்பிக்கை தரும், ஆனால் ஆதாரம் போதாத மருந்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதற்குள் சோதனையின் மீதி முடிவுகளும் ஆஸ்பத்திரிகள் அனுப்பும் சிகிச்சைப் பதிவுகளும் சேரும். பிறகே இறுதி முடிவு. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறோம்.

ஆனால் பதிவுகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. புது மருந்து வாங்கியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று பதிவேடு காட்டலாம். அதை வாங்க வசதியும் தாங்க உடல்பலமும் உள்ளவர்களுக்கே அது கொடுக்கப்பட்டிருந்தால்? மருந்தின் பலனையும் ஆளின் பலத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நைஸ் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதே கேள்விக்கு ஒரு நல்ல சோதனை நடத்துவதானால் எப்படி நடத்துவோமோ அதே அமைப்பில் பதிவுகளை ஆராயச் சொல்கிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். காப்பீட்டுக் கணக்கில் ஆபரேஷனுக்குக் கொடுத்த தொகை இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்பது இருக்காது. சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குபவர் எந்தப் பதிவிலும் இல்லை. நம்மில் பலர் அப்படித்தான்.

நோன்பு வைப்பதை டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். நோன்பில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்திருந்தால், தேதியோடு சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.