சென்சரை மாற்றுமுன் சொக்கட்டைப் பாருங்கள்

கற்பிட்டியிலிருந்து கருவாடு ஏற்றும் எனது வேன் திடீரென்று கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. பெற்றோலும் கூடுதலாகக் குடித்தது. எஞ்சின் விளக்கு அணையவேயில்லை. ஸ்கேனரில் பி0118 என்று வந்தது. "கூலன்ட் சென்சர் போயிட்டு நானா" என்றார் கராஜ்காரர். புதியது போட்டோம். மறுநாளும் அதே விளக்கு!

வியாபாரிகளே, இந்தச் சென்சர் ஓர் எளிய சாமான். தண்ணீர் குளிராக இருக்கையில் அதன் தடை ஏறக்குறைய 2500 ஓம். 80 பாகைச் சூட்டில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுத்து, அந்த வயரில் நிற்கும் வோல்ட்டைக் கொண்டு சூட்டைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தால் வோல்ட் ஏறும். எஞ்சின் சைபருக்குக் கீழே 40 பாகையில் கிடப்பதாக ஸ்கேனர் காட்டும். அதுவும் நம் புத்தளத்து வெயிலில்!

ஆக, பி0118 சொல்வது வோல்ட் அதிகம் என்பதை மட்டுமே. சென்சர் பழுதென்று அது சொல்லவில்லை.

இரண்டு முனைச் சென்சரானால் சொக்கட்டைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் சிறு வயரால் இணையுங்கள். ஸ்கேனரில் சூடு 120 பாகைக்கு மேல் பாய்ந்தால் வயர் சரி, சென்சரைச் சந்தேகிக்கலாம். பாயாவிட்டால் கோளாறு வயர்ப் பக்கம்.

எனது வேனில் பாயவில்லை. சொக்கட்டுக்குள் பச்சைக் களிம்பு. கடற்காற்றும் கருவாட்டு உப்புத் தண்ணீரும் பார்த்த வேலை. முனைகளை மாற்றியதும் விளக்கு அணைந்தது. பழைய சென்சரை மீற்றரில் அளந்தேன், பழுதில்லை. புதியதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.