கழற்றவும் பூட்டவும் தெரிந்தால்தான் பற்றரி வண்டி

"பற்றரி வண்டி ஒன்று வந்துவிட்டால் அம்மா இனி லயத்திலிருந்து தானாகவே கடைக்குப் போய்வருவார்." நடக்க முடியாமல் போனவர்களுக்குக் கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளைகளோ வெளிநாட்டு உறவினரோ சிறிய மின்வண்டி வாங்கித் தரும்போது மனதில் இருப்பது இதுதான். ஆசை நல்லது, ஆனால் நிலம் இடம் கொடுக்க வேண்டுமே. இவ்வகைச் சிறு வண்டிகளில் பெரும்பாலானவை 6 முதல் 8 பாகை வரையான சரிவுக்கே செய்யப்பட்டவை. பொதுக் கட்டடங்களில் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும்படி போடப்படும் சாய்தளமே ஏறத்தாழ 5 பாகைதான். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, றக்வானைப் பக்கத்துத் தோட்டங்களில் மேட்டு லயத்துக்கு ஏறும் பாதைகள் பலவும் அதைவிடச் செங்குத்தானவை. பாதை முடிந்ததும் படிக்கட்டு தொடங்கிவிடும்.

அதனால் வண்டி ஓடப்போவது பெரும்பாலும் இரத்தினபுரி வைத்தியசாலையின் நடைவழியிலோ கேகாலைக் கடைத்தெருவிலோ திருவிழா நாளில் கோயில் முற்றத்திலோதான். அதுவரை அது காரிலோ த்ரீவீலிலோ துண்டு துண்டாகப் பயணம் செய்ய வேண்டும். ஓட்டுவதை ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடலாம். கழற்றிப் பூட்டுவதை வீட்டில் இருவராவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாவிட்டால் வண்டி இஸ்தோப்பிலேயே நின்றுவிடும்.

"மடிகிற வண்டிதானே, யாரும் தூக்கலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. மடிக்கும் வண்டியும் பிரிக்கும் வண்டியும் வேறுவேறு. மடிப்பது ஒரே துண்டாகச் சுருங்கும், அதன் முழு எடையையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். பிரிப்பது இருக்கை, பற்றரிப் பெட்டி, கைப்பிடியுள்ள முன்பாகம், மோட்டார் உள்ள பின்பாகம் என நான்கைந்தாகப் பிரியும். மொத்தம் 40, 50 கிலோ இருந்தாலும் மிகக் கனமான பின்பாகம் 13 முதல் 18 கிலோவுக்குள் அடங்குவது வழக்கம். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, கனமான துண்டு எத்தனை கிலோ என்பதே. நாள் முழுதும் கொழுந்து சுமக்கும் பெண்ணுக்கு அந்த எடை பழக்கமானதுதான். ஆனால் முதுகில் சுமப்பதும், குனிந்து டிக்கியின் விளிம்பைத் தாண்டி உள்ளே வைப்பதும் ஒன்றல்ல. வயதான கணவனோ மனைவியோ தூக்குவதானால் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உயிரோடு விளையாடும் தவறு ஒன்று உண்டு. "பற்றரி இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பெரும்பாலான இவ்வண்டிகளில் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது ஒரு வில். மின்சாரம் பாய்ந்தால்தான் அது விடும். ஆகவே சாவி அணைந்திருந்தாலும், பற்றரியைக் கழற்றினாலும் சக்கரம் பூட்டியே இருக்கும். அந்த நிலையில் வண்டியைத் தள்ள முடியாது என்பதற்காகப் பின்பக்கம் ஒரு நெம்பு வைத்திருக்கிறார்கள். அதை மாற்றினால் மோட்டாரும் பிரேக்கும் விலகி, சக்கரங்கள் தாமாகச் சுழலும். காரருகே வண்டியை உருட்டிவர அது வசதி. பூட்டும் அவசரத்தில் அதைத் திரும்பப் போட மறந்தால், பிரேக்கே இல்லாத நாற்காலியில் ஒரு மனிதரை உட்கார வைக்கிறோம். சமதரையில் தப்பிக்கலாம். வைத்தியசாலை வாசலின் சரிவில், மழை ஈரத்தில், கையை எடுத்த நொடியிலேயே வண்டி இறங்கத் தொடங்கும். பல ரகங்களில் நெம்பு விலகியிருக்கும்போது மோட்டார் இயங்காது. "வண்டி பழுது" என்று எண்ணி அவரை அப்படியே தள்ளிக்கொண்டு போவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

பூட்டும் ஒழுங்கைக் கைக்குப் பழக்கிக்கொள்ளலாம். முதலில் சமதரை தேட வேண்டும், த்ரீவீல்காரர் அவசரப்படுத்தினாலும். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் கோர்த்து, தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கைப்பிடியை நிமிர்த்தி, பற்றரியை வைத்து, கடைசியில் இருக்கையைப் பொருத்தி, அது பூட்டிக்கொண்டதா என்று மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். நெம்பைத் திரும்பப் போட்டபின் வண்டியை ஒருமுறை தள்ள வேண்டும். அது அசையாவிட்டால்தான் ஆள் உட்காரலாம். சாவி அதற்கும் பிறகு, வேகத்தை ஆகக் குறைவில் வைத்து.

"கனமான சாமான், உள்ளே அசையாது" என்பதும் பிழை. கித்துல்கலை வளைவுகளில் திடீரென பிரேக் பிடித்தால் கட்டப்படாத பற்றரி முன்னால் இருப்பவரின் காலுக்கோ தலைக்கோ வரும். கனமான துண்டுகளைக் கீழே, இருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்துப் பட்டியால் கட்ட வேண்டும். வானில் வண்டியை முழுதாக ஏற்றி அதன் மேலேயே ஆளை இருத்திக் கொண்டுபோவதைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தடுக்கிறார்கள். பயணத்தில் அவர் வாகனத்தின் இருக்கையில்தான் இருக்க வேண்டும்.

வாகனத்தில் ஏற்றுவது பிறகு வந்த யோசனை என்று எண்ண வேண்டாம். இன்று எங்கும் காணும் குறுக்குச் சட்டம் கொண்ட மடிப்புச் சக்கர நாற்காலி, 1930களில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹரி ஜென்னிங்ஸ் என்ற இரு பொறியியலாளர்கள் உருவாக்கியது. சுரங்க விபத்தில் கால்கள் செயலிழந்த எவரெஸ்டுக்குக் காருக்குள் அடங்கும் நாற்காலி தேவைப்பட்டது. மாணிக்கக் குழிகளில் ஆட்கள் இறங்கி உழைக்கும் இரத்தினபுரிக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல.

"போய் இறங்கினாலும் உள்ளே நுழைய வழியிராது, ஒன்றும் கேட்க முடியாது" என்று வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் கேட்க இடம் தருகின்றன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த, முன்னாள் கிரிக்கெட் நடுவரான அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் பொதுக் கட்டடங்களின் அணுகுவசதி குறித்துக் கட்டளை பிறப்பித்தது. சாய்தளம் இல்லாத அலுவலகத்தில் அதை எழுத்தில் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கடைசியாக, பற்றரி. "முழுதாக இறங்கிய பிறகே சார்ஜ் போட வேண்டும்" என்பது ஈய அமிலப் பற்றரிக்குப் பகை. வெறுமையாகக் கிடந்தால் அது கெட்டுப்போகும். பயணம் முடிந்த அன்றிரவே சார்ஜ் போட வேண்டும். கழற்றத் தெரிந்த வீட்டுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: மழை படாத ஓரிடம் பாதையோரத்தில் கிடைத்தால் வண்டியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு, பற்றரிப் பெட்டியை மட்டும் படியேறி லயத்துக்குக் கொண்டு போகலாம்.