வளையின் அச்சு விலகலும் விறைப்பும்

ஒரே அளவான இரு பலகைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, இரு முனைகளிலும் தாங்கி, நடுவிற் பாரம் ஏற்றுக. அவை ஒன்றன்மீதொன்று வழுக்குமாயின், கிடைக்கும் விறைப்பு ஒரு பலகையினதைப்போல் இரு மடங்கேயாம். பசையால் இறுக ஒட்டிவிடின் அது எட்டு மடங்காகும். மரம் சிறிதும் கூடவில்லை. பலகைகளின் அச்சுகள் பொது அச்சினின்றும் விலகி நிற்க, வழுக்குதலும் தடைப்பட்டதே காரணம். விலகலின் வர்க்கத்தைப் பரப்பாற் பெருக்கிக் கூட்டுக என்னும் சமாந்தர அச்சுத் தேற்றம் கூறுவதும் இதுவே.

கொங்கிறீற்றுத் தட்டும் அதனோடு ஒருங்கே வார்த்த வளையும் ஒட்டிய பலகைகளைப் போன்றவை. கணினியில் அமைக்கும் மாதிரியுருவில், தட்டின் நடுத்தளத்துக்கும் வளையின் அச்சுக்கும் இடையே விறைத்த சிறு புயம் வைத்து இவ்விலகலைக் காட்டுவர். அவ்வாறு காட்டியபின், வளையின் தனித் திருப்புதிறனை மட்டும் வாசித்து இரும்பு கணிப்பது போதாது. வளையின் இழுவையும் தட்டின் நெருக்கலும் ஆக்கும் இணையையும் கூட்டல் வேண்டும்.

தனி வளையிலோ நிலைமை வேறு. நீளம் 6 மீற்றர், உயரம் 50 சதமமீற்றர், அகலம் 25 சதமமீற்றர் கொண்ட செவ்வக வளையொன்று மீற்றருக்கு 20 கிலோநியூற்றன் சுமையைச் சீராய்த் தாங்குவதாகக் கொள்க. தாங்கிகள் அடிமுகத்தில் உள்ளன. ஒரு முனை உருளைமீது கிடையாக நகருமாயின் விலகலால் யாதொரு மாற்றமுமில்லை. நடுவில் திருப்புதிறன் 90 கிலோநியூற்றன் மீற்றரே. இரு முனைகளையும் நகராத பிணையலாக்குக. வளை தொய்யும்போது அடிமுகம் நீள முயலும். பிணையல்கள் அதனை உள்நோக்கி உதைக்கும். அவ்வுதைப்பு வளையை மேல்நோக்கி வளைக்கும். கணித்துப் பார்ப்பின் தொய்வு ஐந்தில் இரு பங்காகவும், நடுத் திருப்புதிறன் 45 ஆகவும் குறைகின்றன. கணினி இவற்றை மறுப்பின்றித் தரும். இரும்பைப் பாதியாக்கலாமென்ற ஆசையும் உடன்வரும்.

ஆயின் அவ்வுதைப்பு எவ்வளவு? 180 கிலோநியூற்றன், ஒவ்வொரு முனையிலும் உள்ள நிலைக்குத்து மறுதாக்கமாகிய 60 இன் மும்மடங்கு! எந்தச் செங்கற் சுவர் இதனைத் தாங்கும்? கொங்கிறீற்று வெடிப்பற்றதெனவும், அதன் யங்கின் மட்டு 25 கிகாபாஸ்கால் எனவுங் கொண்டால், ஒவ்வொரு முனையும் 0.7 மில்லிமீற்றர் வெளியே நகர்ந்தாலே உதைப்பு முழுவதும் மறைந்துவிடும். அப்போது வளை 90 ஐயும் தனியே சுமக்கவேண்டும்.

ஆகையால் ஒரு முனையை உருளையாக்கி மறுபடியும் கணித்துப் பார்த்தல் நன்று. அரை நாழிகை வேலைதான். இரு விடைகளும் பெரிதும் வேறுபடின், உதைப்பை ஏற்கும் தடித்த கொங்கிறீற்றுச் சுவர் போன்ற உறுப்பு இரு பக்கத்தும் உண்டா என வரைபடத்தில் தேடுக. இல்லையேல் உருளை தந்த விடையே கட்டடத்துக்குரியது.