செடானா, எஸ்யூவியா? ஒரே பேட்டரி, இரண்டு உடம்பு

கரண்ட் கார்தான் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துக் கேட்பது, செடான் வாங்கலாமா எஸ்யூவி வாங்கலாமா என்று. இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பெட்ரோல் காலத்துப் பதில்கள். "எஸ்யூவின்னா மைலேஜ் குடிக்கும்", "செடான்னாதான் கௌரவம்", "நம்ம ரோட்டுக்கு உசரமான வண்டிதான் சரி". ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பேட்டரி வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்ட பிறகு கணக்கு மாறிவிட்டது.

சரியாக ஒப்பிட வேண்டுமானால் ஒரே கம்பெனி, ஒரே பேட்டரி, ஏறக்குறைய ஒரே மோட்டார் கொண்ட இரண்டு வண்டிகள் வேண்டும். அப்படி ஒரு ஜோடி இந்தியச் சந்தையிலேயே இருக்கிறது: 2024 மார்ச்சில் வந்த பிஒய்டி சீல் செடான், 2025 பிப்ரவரியில் வந்த பிஒய்டி சீலயன் 7 எஸ்யூவி. இரண்டிலும் பிரீமியம் மாடலை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 82.56 கிலோவாட் மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, இரண்டும் பின்சக்கரத்தில் இயங்குபவை, சக்தியும் சுமார் 310 குதிரைத்திறன். வெளியானபோது ஷோரூம் விலை சீலுக்கு 45.55 லட்சம், சீலயனுக்கு 48.90 லட்சம். இந்த விலை எல்லோருக்குமானது அல்ல. ஆனால் இந்த ஜோடியில் தெரியும் வித்தியாசம் எல்லாம் உடம்பின் வித்தியாசம் என்பதால், 15 லட்சத்தில் வண்டி தேடுகிறவருக்கும் இதில் பாடம் உண்டு.

முதலில் காற்று. சீலின் காற்றுத்தடைக் கெழு 0.219, சீலயனுக்கு 0.28 என்று கம்பெனி சொல்கிறது. அதோடு சீலயன் 16 செ.மீ. உயரம் கூடுதல், 5 செ.மீ. அகலம் கூடுதல். அதாவது காற்றைத் தள்ள வேண்டிய முகமே பெரியது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரே வேகத்தில் எஸ்யூவி சந்திக்கும் காற்றுத்தடை செடானைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். ரேஞ்ச் கணக்கிலும் இது தெரிகிறது. ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி முறையில் சீல் 570 கி.மீ., சீலயன் 482 கி.மீ. ஷோரூமில் 650, 567 என்று சொல்வார்கள். அது என்இடிசி என்ற பழைய ஆய்வக முறை. அந்த எண்ணை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள். ஏசி போட்டு நான்குவழிச் சாலையில் 100-இல் போனால் டபிள்யூஎல்டிபி எண்ணே கிடைக்காது. ஆனால் இரண்டு வண்டிக்கும் இடையிலான இடைவெளி மட்டும் இரண்டு முறையிலும் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது.

இந்த இடைவெளி யாரைப் பாதிக்கும்? காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அண்ணா சாலையில் 40-இல் ஊர்கிறவருக்கு, 100-இல் இருக்கும் தடையில் ஆறில் ஒரு பங்குதான். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால், என் கணக்குப்படி ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் எஸ்யூவி சுமார் 3 யூனிட் அதிகம் தின்னும். சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கி.மீ. அங்கே போய்ச் சேர 14 யூனிட் கூடுதல். 60 கிலோவாட் சார்ஜரில் அது கால் மணி நேரம். வழியில் கிடைப்பது 30 கிலோவாட் சார்ஜர் என்றால் அரை மணி நேரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர் திருச்சியில் சாப்பிடும் நேரத்தில் இதை ஈடுகட்டிவிடுவார். வாரம் தவறாமல் தொழிலுக்காகக் கோயம்புத்தூருக்கும் திருநெல்வேலிக்கும் ஓடுகிறவருக்கு இது வருடம் முழுக்கத் தொடரும் நேர நஷ்டம். கரண்ட் பில்லை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நெடுஞ்சாலையில் வருடம் 15,000 கி.மீ. ஓட்டினாலும் வித்தியாசம் 450 யூனிட்தான். இழப்பது பணமல்ல, சார்ஜர் பக்கத்தில் காத்திருக்கும் நேரம்.

அடுத்து நான் அதிகம் கவலைப்படும் விஷயம்: பின் சீட். பெட்ரோல் செடானில் தரை தாழ்வாக இருக்கும், கால் கீழே இறங்கி நிற்கும். பேட்டரி செடானில் தரைக்கு அடியில் பேட்டரி படுத்திருக்கிறது. கூரையை உயர்த்தினால் காற்றுத்தடை கூடும், அதனால் சீட்டைத் தாழ்த்துகிறார்கள். தரை உயர்ந்து சீட் தாழ்ந்தால் முழங்கால் மேலே எழும்பும், தொடைக்கு அடியில் தாங்கல் இருக்காது. சீலில் பேட்டரியின் மேல்மூடியையே வண்டியின் தரையாக்கி உயரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல பொறியியல்தான். அப்படியும் பின்னால் உட்காருகிறவரின் முழங்கால் மேலேயேதான் இருக்கிறது. இளைஞர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. முழங்கால் தேய்ந்த எழுபது வயது அம்மாவைப் பாருங்கள்: ஏறும்போது தலை குனிந்து, ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் முன்சீட்டையும் பிடித்துக்கொண்டு, கடைசி அரை அடியில் தொப்பென்று விழுந்துதான் உட்கார முடியும். இறங்கும்போது யாராவது கை கொடுத்து இழுக்க வேண்டும். எஸ்யூவியில் சீட் அவர் இடுப்பு உயரத்தை ஒட்டி இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும். வீட்டுப் பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது வண்டியில் ஏறுவார்கள் என்றால், கெழுவையும் ரேஞ்சையும் ஓரமாக வைத்துவிட்டு எஸ்யூவியை எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் "நம்ம ரோட்டுக்கு உசரமான வண்டி" என்ற வாதத்தை அப்படியே ஏற்க மாட்டேன். சீலின் தரை இடைவெளி 145 மி.மீ. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கும். சீலின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.92 மீட்டர். ஆகவே விதிப்படி போட்ட தடையில் வண்டி மொத்தமாக ஏறி இறங்கிவிடும், அடி தட்டாது. தட்டுவது, தெருக்காரர்கள் ஒரு லோடு தார் வாங்கித் தாங்களே போட்ட ஸ்பீட் பிரேக்கரில். அது குறுகல், செங்குத்து, சில இடங்களில் ஒரு சாணுக்குப் பக்கமாக உயரம். முன் சக்கரம் தாண்டியதும் மேடு வண்டியின் வயிற்றுக்கு நேராக வந்துவிடும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால் 145 என்பதும் குறைந்துவிடும். பெட்ரோல் காரில் உரசுவது பெரும்பாலும் சைலன்சர். இங்கே அடியில் இருப்பது வண்டியிலேயே விலை உயர்ந்த பாகம். கீழே பாதுகாப்புத் தகடு உண்டு என்றாலும், பலமாகத் தட்டினால் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுவதே நல்லது.

எனவே பார்க்க வேண்டியது தமிழ்நாட்டுச் சாலைகளை அல்ல, உங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரையிலான ஒரு கிலோமீட்டரை. டேப் எடுத்துக்கொண்டு போய் அந்த வழியில் இருக்கும் வேகத்தடைகளை அளந்துவிடுங்கள். வீட்டு வாசல் சாய்தளத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். மோசமான தடை ஒன்றிரண்டுதான் என்றால் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கிச் செடானிலேயே காலம் தள்ளலாம். தினமும் அப்படி ஐந்தாறு தடை என்றால் வேண்டாம். எஸ்யூவி என்று பெயர் வைத்துவிட்டதாலேயே எல்லாம் ஜீப் ஆகிவிடாது. இந்த வகை கிராஸ்ஓவர்கள் பலவற்றில் கூடுதலாகக் கிடைக்கும் தரை இடைவெளி ஒன்றிரண்டு விரற்கடைதான். ஆள் ஏறிய பிறகு எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மழை விஷயத்திலும் அதே எச்சரிக்கை. பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் மூடியிருப்பார்கள், ஆனால் கதவுக்கு அப்படிப்பட்ட மூடல் கிடையாது. வெள்ள எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் எஸ்யூவி, செடான் பார்க்காமல் எல்லா வண்டியையும் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதுதான் சரி.

டிக்கி: சீலில் 400 லிட்டர், சீலயனில் 500. எண்ணைவிட வாய்தான் முக்கியம். செடானில் மூடி மட்டும் திறக்கும். மடக்கிய சக்கர நாற்காலியைச் சாய்த்துத் திணித்துத்தான் ஏற்ற வேண்டும். எஸ்யூவியில் கண்ணாடியோடு கதவு முழுதாக மேலே எழும், ஊரிலிருந்து வரும் வாழைத்தாரும் அரிசி மூட்டையும் நேராக உள்ளே போகும். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்பதை இரண்டிலும் கேட்டுவிடுங்கள்.

பார்க்கிங்கில் நீளம் பிரச்சினை இல்லை, இரண்டுக்கும் வித்தியாசம் 3 செ.மீ.தான். அகலத்தைப் பாருங்கள். அடுக்ககத்தில் 2.5 மீட்டர் அகலக் கட்டம் என்றால், 1.925 மீட்டர் வண்டிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டடிகூட மிஞ்சாது. பக்கத்தில் தூண் இருந்தால் கதவைத் திறப்பதே பாடு. லிஃப்ட் வைத்து மேலும் கீழுமாக நிறுத்தும் ஸ்டாக் பார்க்கிங் என்றால், உயரத்தோடு எடை வரம்பையும் அசோசியேஷனில் கேளுங்கள். இந்த இரண்டு வண்டியும் இரண்டு டன்னைத் தாண்டியவை. பழைய அமைப்புகள் பல அவ்வளவு எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. முன்பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் வீணான மன உளைச்சல்.

ஓட்டும் சுகம் என்று வந்தால் என் மனம் செடான் பக்கம். பேட்டரி அடியில் இருப்பதால் எஸ்யூவியும் முன்போல் சாயாதுதான். ஆனாலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தாழ்ந்த வண்டியின் பிடிப்பே தனி, பின்சீட்டுக் குழந்தைகளுக்கும் ஆட்டம் குறைவு. எதை வாங்கினாலும் மலையேறும்போது பிரேக் வழியாகச் சார்ஜ் ஏற்றும் அமைப்பைக் குறைந்த அளவில் வையுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி வெடுக்கென்று பிடிப்பதுதான் பலருக்கு வாந்தி வரக் காரணம்.

பட்ஜெட் குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 லட்சத்துக்குள் மின்சாரச் செடான் என்றால் டாடா டிகோர் தவிர அதிகம் இல்லை. தூத்துக்குடி ஆலையில் தயாராகும் வின்ஃபாஸ்ட் விஎஃப் 6-உம் எஸ்யூவிதான். ஆக அங்கே கேள்வி, எந்த எஸ்யூவி தாழ்வானது, கூரை அதிகம் எழும்பாதது என்று மாறிவிடுகிறது. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவர்கள் அதைத் தேடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், பெரியவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, உங்கள் தெருவின் மோசமான ஸ்பீட் பிரேக்கர் வழியாக ஓட்டிப் பாருங்கள். உச்சிவெயிலில் போனால் கண்ணாடிக் கூரையின் சூடும் தெரிந்துவிடும். அடி தட்டாமல், பெரியவர் சிரமப்படாமல் இறங்கினால் செடானை எடுங்கள். மூன்று லட்சம் மிச்சம், ரேஞ்சும் அதிகம். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் எஸ்யூவிதான்.