வீட்டில் நின்ற பிள்ளை, மீண்டும் பள்ளிக்கு



2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நம் முட்டத்திலும் வீடே வகுப்பறையானது. பல வீடுகளில் ஒரே செல்போன். அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். பள்ளி திறந்த பிறகும் மீன் வேலை, தம்பி தங்கையைப் பார்ப்பது என்று சில பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

“இடையில நின்ன பிள்ளைய இனி சேப்பாங்களா?” என்று தாய்மார் நம்மிடம் கேட்கிறார்கள். சேர்க்கத்தான் வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி:

* 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற வகுப்பில் இடம் உண்டு.
* டி.சி., பிறப்புச் சான்று இல்லையென்று மறுக்கக்கூடாது.
* விட்டுப்போன பாடத்துக்குத் தனிப்பயிற்சி உண்டு.

அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, மதிய உணவும் கிடைக்கும்.

அடுத்த கூட்டத்தில் கேட்போம்: நம் குழுவில் யார் வீட்டுப் பிள்ளை வீட்டில் நிற்கிறது? அந்தத் தாயோடு நாலு பேர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்ப்போம்.