ரூபாயில் கட்டினால் லாபமா?

சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் பலர் உண்டு. பயணச்சீட்டில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க நாள்கணக்கில் தேடுகிறவர்கள், அங்கே போய்க் கார்டைத் தேய்க்கும்போது பல ஆயிரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். காரணம், தனியாகக் கட்டணம் என்று எழுதியிருந்தால்தான் செலவு என்று நினைப்பது. பெரும் செலவு, மாற்று விகிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

நம்பிக்கை 1: ரூபாயில் கட்டுவதே பாதுகாப்பு, தொகை உடனே தெரிந்துவிடும்.

உண்மை: சிங்கப்பூர்க் கடையில் கார்டு மெஷின், ‘இந்திய ரூபாயா, சிங்கப்பூர் டாலரா?’ என்று கேட்கும். ரூபாயை அமுக்கினால் விகிதத்தை முடிவு செய்வது விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடைக்கு இந்த நாணய மாற்றுச் சேவையைத் தரும் நிறுவனம். தன் லாபத்தை அது விகிதத்திலேயே சேர்த்துவிடும். போதாததற்கு, ரூபாயில் கட்டினாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால் நம் வங்கிகள் பலவும் தனிக் கட்டணம் போடுகின்றன. ஓட்டலிலும் ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்களைக் கேட்காமல் ரூபாயில் பில் போட்டால், கையெழுத்துப் போடுமுன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 2: எந்தக் கார்டு ஆனாலும் ஒன்றுதான், பாயின்ட் கிடைத்தால் போதும்.

உண்மை: இந்தியக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு 4,130 ரூபாய் கூடுதல். சாதாரணக் கார்டு தரும் பாயின்ட்டுகள் இதை ஈடுகட்டாது. இந்தக் கட்டணமே இல்லாத கார்டுகளும் உள்ளன: ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்ட் வங்கியின் ‘வாவ்’, ஃபெடரல் வங்கியின் ‘ஸ்காபியா’ போன்றவை. விதிகள் மாறக்கூடும், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கிரெடிட் கார்டிலும் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காதீர்கள்; பொதுவாக முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நம்பிக்கை 3: ‘கமிஷன் இல்லை’ என்ற பலகை இருந்தால் லாபம்.

உண்மை: நாணயம் மாற்றுபவரின் லாபம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிறது. விமான நிலையத்தில் இந்த இடைவெளி வழக்கமாக அதிகம். கைச்செலவுக்குக் கொஞ்சம் நோட்டு வேண்டுமென்றால் ஊருக்குள் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு, முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 4: ஃபாரெக்ஸ் கார்டுதான் எப்போதும் மலிவு.

உண்மை: இந்தக் கார்டில் வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்கிறோம். ஏற்றும் நாளில் விகிதம் உறுதியாகிவிடுவது நன்மைதான். ஆனால் அந்த விகிதத்திலும் வங்கியின் லாபம் உண்டு. டாலர் ஏற்றிய கார்டை யூரோ கடையில் தேய்த்தால் பல கார்டுகளில் மறுபடி மாற்றுக் கட்டணம். மீந்த பணத்தை ரூபாயாக்கும்போது, குறைந்த ‘வாங்கும்’ விலையில் இன்னொரு இழப்பு.

நம்பிக்கை 5: வெளிநாட்டில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் 20 சதவீத வரி.

உண்மை: 2023 மே மாதம் கிளம்பிய பயம் இது. அதே ஆண்டு ஜூன் 28 அன்று மத்திய அரசு கிரெடிட் கார்டுக்கு அந்த வரிப் பிடித்தத்தைத் தள்ளிவைத்தது. டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் அந்தப் பிடித்தத்தின் கீழ் வரும். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். அப்படிப் பிடித்ததையும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்தப் பயத்துக்காக விலை கூடிய வழிக்குப் போக வேண்டாம்.

எந்த வழி மலிவு என்று கண்டுபிடிக்க ஒரே கணக்குப் போதும். கட்டணம், வரி எல்லாம் சேர்த்து உங்களிடமிருந்து போன மொத்த ரூபாயை, பொருளின் வெளிநாட்டு விலையால் வகுங்கள். வருவதுதான் நீங்கள் உண்மையில் கொடுத்த விகிதம். விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் இணையதளத்தில் அன்றன்றைய விகிதத்தை வெளியிடுகின்றன, அதோடு ஒப்பிடுங்கள். முதல் சிறிய பில்லிலேயே இதைச் செய்துவிட்டால், பெரிய பில்லுக்கு எந்தக் கார்டை எடுப்பது என்று தெரிந்துவிடும்.