பாலிகன் ஓவர்லே எழுதப் போகிறீர்களா?

வெள்ளம் சூழ்ந்த பகுதியின் வரைபடத்தைக் குடியிருப்பு வரைபடத்தின் மேல் வைத்து, எங்கே எவ்வளவு பரப்பு மூழ்கியது என்று கணக்கிடுவதற்குப் பெயர் பாலிகன் ஓவர்லே. ஜி.ஐ.எஸ். மென்பொருள் எழுதும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதை ஒருமுறையாவது சொந்தமாக எழுதிப் பார்த்துவிடுங்கள்.

அல்காரிதம் தேடி அலைய வேண்டாம். 1974இல் வந்த சதர்லேண்ட்–ஹாட்ஜ்மன் முறை எளிது. ஆனால் வெட்டும் வடிவம் உட்குழிவு இல்லாததாக இருந்தால்தான் செல்லும். 1992இன் வாட்டி முறைக்கு அந்தத் தடை கிடையாது. இரண்டும் படித்தால் புரியும். உண்மையான சிக்கல் எண்களில் இருக்கிறது.

தாளில் போட்டுப் பாருங்கள். (0,0) முதல் (3,1) வரை ஒரு கோடு. (1,0) முதல் (1,1) வரை இன்னொன்று. வெட்டுப்புள்ளி (1, 1/3). மூன்றில் ஒரு பங்கை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. ஆகவே சேமித்த புள்ளி முதல் கோட்டைவிட்டு மயிரிழை விலகி நிற்கும். அங்கே அந்தக் கோட்டை உடைத்தால் இரு துண்டுகளும் சற்றே திசை மாறும். பக்கத்தில் வேறொரு முனை இருந்தால், கோட்டுக்கு இடப்பக்கம் இருந்த அது வலப்பக்கம் போய்விடலாம். பரப்பு தப்பாக வரும், இல்லையென்றால் நிரல் நின்றுவிடும். போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் மிரட்டும் 'டோப்பாலஜி எக்ஸெப்ஷன்' பிழை பல நேரம் இப்படிப் பிறப்பதுதான்.

மார்ட்டின் டேவிஸ் முன்னின்று உருவாக்கிய ஜாவா நூலகம் ஜேடிஎஸ்; அதன் சி பிளஸ் பிளஸ் வடிவம் ஜியோஸ். கியூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ், பைத்தானின் ஷேப்லி எல்லாம் ஜியோஸைத்தான் நம்பியிருக்கின்றன. 2020இல் வெளிவந்த ஜியோஸ் 3.9இல் ஓவர்லே பகுதியையே புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். புதிய முறையில் முதலில் வழக்கமான கணக்கு. அது தோற்றால் நெருங்கிய முனைகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. அதுவும் தோற்றால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கட்டவலைக்கு இழுக்கும் 'ஸ்னாப் ரவுண்டிங்'. ஓடிக்கொண்டிருந்த பழைய நிரலைத் துணிந்து மாற்றிய இந்த வேலை, என் கணிப்பில், திறந்தமூல ஜி.ஐ.எஸ்.ஸின் பெருஞ்சாதனைகளில் ஒன்று. அந்த மூலநிரலைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஜியோஸுக்கு நீங்கள் பங்களிக்கப் புது அல்காரிதம் தேவையில்லை. தோற்கும் தரவைப் பிடியுங்கள். இரண்டே பாலிகன்களாகச் சுருக்குங்கள். டபிள்யூகேடி என்னும் உரைவடிவில் ஜியோஸ் குழுவிடம் ஒப்படையுங்கள். தசமங்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள், பிழையே மறைந்துவிடும். கூடவே ஒரு சோதனை: பொதுப்பகுதியும் மிச்சமும் சேர்ந்தால் முதல் பாலிகனின் பரப்பு வருகிறதா? ஓட்டையுள்ள பாலிகன், ஒரே முனையில் தொடுபவை, பொதுவிளிம்பு உள்ளவை என்று எல்லாவற்றிலும் இதை ஓட்டுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, ஏற்கப்பட்ட அந்த டெஸ்ட் கேஸின் இணைப்பை ரெஸ்யூமின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.